நாற்பத்தொன்றாம் கட்டம்

வசந்தத் தேர்வுக்கு மூன்று உருப்படிகள்.
முதல் இரண்டைப் பாடத்திட்டமே முடிவு செய்துவிட்டது:
பழைய ஜெர்மன் நடனம் ஒன்று,
சொனாட்டா ஒன்றின் முதல் பாகம்.
மூன்றாவதற்கு எதிரே "மாணவர் விருப்பம்".
அந்த இரண்டு சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஔலு நகரில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
நள்ளிரவு தாண்டித் தொலைபேசி அடித்தால்
பியானோவுக்கு மறுநாள் விடுமுறை.
ஆகவே, நான்கு நாள் தொடாவிட்டாலும்
முகத்தைத் திருப்பிக்கொள்ளாத உருப்படி வேண்டும்.
அப்புறம் என் விரல்கள்.
இரண்டு கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே நுழைந்தால்
வெளியே வர வழி கேட்பவை.
சுவருக்கு அந்தப் பக்கம் ஸுவியின் கைக்குழந்தை வேறு.
பெயர் இன்னும் தெரியாது,
எந்தச் சுருதியில் அழும் என்பது தெரியும்.

ஆசிரியை பிஹ்லாவுக்கு என் வயதில் பாதி.
"எது பிடிக்கும்?" என்றாள்.
கேட்கப் பிடிப்பது கைக்கு வரவில்லை,
கைக்கு வருவதைக் கேட்கச் சகிக்கவில்லை என்றேன்.
"அப்படியானால் நடுவில் எங்கோ இருக்கிறது"
என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.

சனிக்கிழமை முழுக்க நூலகத்தில்.
ஒன்றைத் திறந்தால் எறும்புப் புற்றை உதைத்தாற்போல்
பக்கமெல்லாம் கறுப்பு. மூடினேன்.
இன்னொன்றில் பக்கமெல்லாம் வெள்ளை,
அங்கொரு சுரம், இங்கொரு சுரம்.
எளிது என்று வேறு யாராவது ஏமாறலாம்.
புதுப்பனிக்குக் கீழே
சாலை எது சாக்கடை எது என்று
தேடித் தேடி நரைத்தவள் நான்.
அதையும் மூடினேன்.
மூன்றாவது, அக்கா கல்யாணத்தில் வாசித்தது.
அந்தக் கல்யாணமே நிலைக்கவில்லை.

பிறகு, மெலிந்த புத்தகம் ஒன்று.
எழுதியவர் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை.
சுரங்களுக்கு மேல் யாரோ பென்சிலால்
விரல் எண்கள் போட்டிருந்தார்.
"இங்கே அவசரப்படாதே."
பன்னிரண்டாம் கட்டத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிப் படம்,
கவனம் என்பதற்கு.
இருபத்தேழில் எழுதி அழித்து எழுதி அழித்து
தாள் தேய்ந்து
பின்பக்கச் சுரம் தெரிந்தது.
முப்பத்தெட்டில் சின்னதாக ஒரு சரிக்குறி.
நாற்பது வரை இப்படி.

நாற்பத்தொன்றிலிருந்து ஒன்றுமில்லை.
அச்சு மட்டும். இரண்டு முழுப் பக்கம்.

வீடு மாறினாரா, பியானோவை விற்றாரா,
திருப்பித் தரும் தேதி வந்துவிட்டதா?
கடைசி அட்டையில் கடைசி முத்திரை
ஏதோ ஒரு பிப்ரவரி, வருடம் மங்கிவிட்டது.

நூலகத்து மின்பியானோவில் ஒலிவாங்கியைக் காதில் மாட்டி
எட்டுக் கட்டம் தடவினேன்.
அழகா என்று இன்னும் தெரியவில்லை.
ஆனால் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"ஏன் இது?" என்று பிஹ்லா செய்தி அனுப்பினாள்.
நீளமாக எழுதி அழித்தேன்.
எங்கள் வேலையில் ஓர் இடம் உண்டு,
முந்தைய ஷிஃப்ட்டில் தபானி நிறுத்திவிட்டுப் போன இடம்.
அதுவரை தார் தெரியும். அதற்கப்பால் தெரியாது.
யாரும் சொல்ல வேண்டாம்,
அங்கேதான் அலகை இறக்க வேண்டும்.
இதையெல்லாம் இருபத்துநான்கு வயதுக்கு எப்படிச் சொல்ல?
"நாற்பது வரை யாரோ போயிருக்கிறார்" என்று அனுப்பினேன்,
பக்கத்தைப் படமெடுத்து.

பதில் உடனே வந்தது:
"அந்த எண்கள் சின்னக் கைக்கானவை.
உங்களுக்கு ஒத்துவராது. அழித்துவிடுங்கள்."

ரப்பரை எடுத்தேன். வைத்தேன்.
ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே
என் எண்ணை எழுதத் தொடங்கினேன்.
அவருடைய நாலுக்கு என் மூன்று.
அவருடைய ஐந்துக்கு என் நாலு.
அவர் அவசரப்படாதே என்ற இடத்தில்
நானும் அவசரப்படவில்லை.

ஒன்பதாம் கட்டத்தில் இருக்கும்போது
தொலைபேசி அடித்தது.
வெளியே, விளக்குக் கம்பத்தைச் சுற்றி,
தடித்த செதில்களாக.